வினீருக்குத் தமிழ்ச்சொல்: கையேடு அச்சுக்குப் போகிறது

கும்பகோணத்திலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். பழைய மரச்சாமான்களை வீட்டிலேயே பழுது பார்க்க மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்தான் இடிக்கிறது. சாதாரணப் பலகையின் மேல் தேக்கையோ ஈட்டியையோ அரை மில்லிமீட்டர் கனத்தில் சீவி ஒட்டுகிறார்களே, அந்த வினீருக்கு என்ன எழுதலாம்? ஐப்பசி அடைமழையில் அது ஓரம் பிரிவதும் நடுவில் உப்புவதும் நம் பக்கத்தில் வழக்கம். பாடம் முழுக்க வரும் சொல்.

திருவையாற்றிலிருந்து:
'மரவேடு'. பால்மேல் படிவது பாலேடு, எழுத்தாணி பட்டது ஓலையேடு. மெல்லிய பரப்பு என்ற பொருள் ஏட்டிலேயே இருக்கிறது. மரம் + ஏடு: மகரம் கெட்டு உயிரீறு போல நின்று வகர உடம்படுமெய் பெறும். நன்னூல் விதிக்கு முழுதும் பொருந்தும்.

மன்னார்குடியிலிருந்து:
ஐயா, விதி சரி. காதில் 'மர வேடு' என்றல்லவா விழுகிறது? ஊறுகாய்ச் சாடிக்குத் துணியால் வேடு கட்டுவோமே, அதுதான் நினைவுக்கு வரும். சீவி எடுப்பதால் 'மரச்சீவல்' போதும்.

திருவையாற்றிலிருந்து:
வேடும் மேலே மூடுவதுதானே, பொருள் கெடவில்லை. சீவல் என்றால் தஞ்சாவூர்க்காரருக்கு வெற்றிலையோடு போடுவது. ஆசாரிக்கோ இழைப்புளியிலிருந்து உதிரும் கழிவு. ஈட்டி மரத்தைக் கழிவின் பெயரால் அழைப்பதா?

நாகப்பட்டினத்திலிருந்து:
வினீர் என்றே எழுதுங்கள் அம்மா. மேசை, அலமாரி, சன்னல் மூன்றும் போர்த்துக்கீசியச் சொற்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் நாகையைப் பிடித்தபோது போர்த்துக்கீசியர் போய்விட்டார்கள், சொற்கள் போகவில்லை. மேசையை ஏற்றவர்கள் அதன்மேல் ஒட்டியதை மட்டும் ஏன் தள்ள வேண்டும்? கடையில் மரவேடு கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

மயிலாடுதுறையிலிருந்து:
உப்புத்தாள் பட்டறையில் புழங்குகிற தமிழ்தானே? சொல் பொருந்தினால் ஆசாரிகளே எடுத்துக்கொள்வார்கள். எனக்கு மரவேடு சம்மதம்.

சொல்லைவிட முக்கியமான ஒன்று. பழைய சாமான் பலவற்றில் பசை வச்சிரம், விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. ஈரத்தில் விடுகிற அதே பசை சூட்டில் இளகி மறுபடி பிடிக்கும். உப்பிய இடத்தில் ஈரத்துணி விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை வைத்து, ஆறும்வரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அதற்கும் படியாவிட்டால் ரேகை ஓடும் திசையிலேயே பிளேடால் கீறி, ஊசிக்குழலால் வெள்ளைப் பசையை உள்ளே செலுத்தி, மெழுகுத்தாளும் பலகையும் வைத்துக் கனம் ஏற்றி ஒரு நாள் விட வேண்டும். பெயர்ந்துபோன இடத்துக்கு ஒட்டுத் துண்டைச் சதுரமாக வெட்டக் கூடாது. ரேகைக்குக் குறுக்கே போகும் வெட்டுதான் கண்ணில் படும். இரு முனையும் கூராகப் படகு வடிவில் வெட்டினால் தெரியாது.

கும்பகோணத்திலிருந்து:
நன்றி ஐயா, அனைத்தையும் சேர்த்துவிட்டேன். மரவேட்டுக்குத்தான் ஆதரவு கூடுதல். முதல் பக்கத்தில் 'மரவேடு எனப்படும் வினீர்' என்று எழுதி, பிறகு மரவேடு என்றே தொடர்கிறேன். இனி நேரமில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து:
கடைக்குக் கொண்டுபோகும் பொருட்பட்டியலிலாவது வினீர் என்று இருக்கட்டும்.

மன்னார்குடியிலிருந்து:
எனக்கு இன்னமும் சீவல்தான். போகட்டும். மூன்றாம் பக்கத்தில் 'உப்பல்' என்று போட்டிருக்கிறீர்கள். ஈரத்தில் சுவர் வீங்கினால் 'பொருமியிருக்கு' என்போம். மரத்துக்கும் 'பொருமல்' அல்லவா சரி?