ஆச்சி வீட்டு மக்கள்

அம்மா: எல்லாரும் இந்த படத்தப் பாருங்க. முருங்கத் தூர்ல கம்பளிப்பூச்சி அப்பிக் கெடக்கு, ரெண்டு கை அகலம். ஞாயித்துக்கிழம வளைகாப்பு, பந்தல் அந்த மரத்தடியிலதான் சொல்லிருக்கு

அத்தான்: அய்யய்யோ

தங்கச்சி: அம்மா நான் பின்வாசலுக்கே வரமாட்டேன்

பெரியத்தை: தீப்பந்தம் கட்டிக் காட்டு. எங்கம்மா அப்டித்தான் செய்வா

சித்தப்பா: அக்கா தீ வேண்டாம். முருங்கப் பட்டை மெத்துனு இருக்கும், வெந்துச்சுன்னா அந்தப் பக்கம் பட்டுப்போகும், ஓலப்பந்தல் வேற வருது. மதினி கவனமா கேளுங்க, இந்தப் புழு ராத்திரி மேல ஏறி இலையத் திங்கும், பகல்ல கீழ எறங்கி தூர்ல கூட்டமா ஒட்டிக்கிடும், அதனால பகல்லதான் பிடிக்கணும். ஒரு வாளியில சோப்புத் தண்ணி நல்லா கட்டியா கரைச்சு வச்சு நீட்டு வெளக்குமாத்தால கூட்டத்தோட அதுக்குள்ள தள்ளி விட்டா முங்கிச் செத்துரும். முழுக்கை சட்ட போடணும், மூஞ்சில துண்டு கட்டணும், காத்துக்கு எதிர நிக்கக்கூடாது, ரோமம் பறந்து வரும்

பெரியத்தை: கல்லுப்பு ரெண்டு கை தூர்ல போட்டா?

சித்தப்பா: வேர் கருகிப்போகும்க்கா

நான்: சித்தப்பா இஞ்சி பூண்டு பச்சமிளகா அரைச்சு அடிக்கலாம்ங்காங்களே

சித்தப்பா: நல்ல மருந்துதான் தம்பி, சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சிக்கு நல்லாவே கேக்கும். ஆனா மரத்துல மேல பாத்து அடிச்சா நெடி கண்ணுலயும் தொண்டையிலயும் ஏறும், பாப்பா வாயும் வயிறுமா இருக்கையில வேண்டாம். வேப்பெண்ணெய் போதும். 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி. எண்ணெய நேரா தண்ணியில ஊத்துனா மெதக்கும், மொதல்ல எண்ணெயில ரெண்டு சொட்டு சோப்பு விட்டுக் கலக்கி பால் மாதிரி வெளுத்த பெறகு தண்ணிய ஊத்தணும். சாயங்காலம் வெயில் தாந்த பெறகு அடிக்கணும். இது பெரிய புழுவ ஒடனே கொல்லாது, மிச்சம் மீதி குட்டிப்புழு இலை திங்காம இருக்கத்தான்

அத்தான்: மாமா பேசாம மரத்த வெட்டிரலாமே

பெரியத்தை: வாயக் கழுவுல. எங்கம்மா வச்ச மரம். மாமரத்த யாரயும் கேக்காம வெட்டுனது போதாதா

சித்தப்பா: அக்கா அது ஆச்சு 12 வருசம்

பெரியத்தை: எனக்கு நேத்து மாதிரிதான் இருக்கு

அம்மா: இப்ப எதுக்கு அது. பக்கத்து வீட்டுப் பய கையில பட்டு தடிச்சுப் போயிருக்கு, அதுக்கு என்ன?

சித்தப்பா: தேய்க்கவே கூடாது மதினி. செலோ டேப்ப ஒட்டி ஒட்டி எடுத்தா ரோமம் வந்துரும், பெறகு சோப்புப் போட்டு கழுவுங்க. கண்ணுல பட்டா டாக்டர்ட்ட போயிரணும்

தங்கச்சி: எலுமிச்ச சாதம் கண்டிப்பா வேணும் சொல்லிட்டேன்

அம்மா: ஏழு சாதமும் உண்டு

பெரியத்தை: ஏ தம்பி என் செம்பருத்தியில மொட்டுக்கெல்லாம் பஞ்சு ஒட்டுனாப்ல இருக்கே

சித்தப்பா: மாவுப்பூச்சி. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மல்பெரி மரவள்ளின்னு எல்லாத்தயும் உறிஞ்சிச்சு, எவ்வளவு மருந்து அடிச்சும் அடங்கல, 2010ல கண்ணுக்கே தெரியாத சின்னக் குளவி ஒண்ண வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து விட்ட பெறகுதான் கொறஞ்சுது. அதனால கண்டதயும் அடிச்சு நல்ல பூச்சியக் கொன்னுராதீங்க. சோறு வடிச்ச கஞ்சிய ஆற வச்சு வடிகட்டி காலைல வெயில் வருமுன்ன தெளிங்க. காஞ்சதும் பொருக்குப் பொருக்கா உரியும், பூச்சியும் அதுல ஒட்டிட்டு உதிரும். எறும்பையும் பாருங்க, அதுதான் அதுகள செடிக்குச் செடி கொண்டு போகும்

பெரியத்தை: குக்கர்ல வச்சா கஞ்சிக்கு எங்க போக

அம்மா: நான் தாரேன் அக்கா, இங்க வடிக்கிறதுதான்

நான்: நான் சனிக்கிழம காலைல ரயில எறங்கிருவேன். வாளி வேல நான் பாக்கேன், யாரும் கை வைக்காண்டாம்

அத்தான்: நானும் வாரேன்... தள்ளி நின்னு லைட் அடிக்கேன்

நான்: அத்தான் பகல்ல எதுக்கு லைட்டு

அம்மா: பந்தக்காரர் போன் பண்ணிட்டே இருக்காரு, முன்வாசலா பின்வாசலா?

தங்கச்சி: முன்

பெரியத்தை: பின்வாசல்தான். அம்மா மரத்தடியில நடக்கட்டும். காய் இருந்தா எனக்கு நாலு எடுத்து வை

அம்மா: காய் எங்க, பூவாப் பூத்து கொட்டிட்டே கெடக்கு

சித்தப்பா: கொட்டுதா? மதினி, புளிச்ச மோர் ஒரு டம்ளர் எடுத்து பத்து டம்ளர் தண்ணி விட்டு அதுல துளியூண்டு பெருங்காயம்

அம்மா: தம்பி, பந்தல்?