முதல் மழைக்குத் துளிர்த்த கொறங்காட்டில் ஆடுகளை எப்போ விடலாம்?

முத்தூர்ப்பட்டி:
வணக்கங்க. முத்தூர் பக்கம் நாலரை ஏக்கர் கொறங்காடு (வேலி அடைச்ச மேய்ச்சல் காடு) வருசக் குத்தகைக்குப் புடிச்சு இது ரெண்டாவது வருசம். மேச்சேரி செம்மறி 26 உருப்படி, காங்கேயம் மாடு ஒண்ணு, அதோட கன்னு. சுத்தியும் கிளுவை வேலி நல்லா இருக்கு, உள்ளே வெள்வேல மரம் பதினேழோ பதினெட்டோ நிக்குது. ஐப்பசி பொறந்ததும் ரெண்டு மழை நல்லா பேஞ்சுது. கொழுக்கட்டைப் புல்லு நாலு விரக்கடை துளிர்த்துருச்சு. ஆடுக கடவுகிட்டயே நின்னு கத்துது.

போன வருசம் இதே சமயத்துல தொறந்து விட்டுட்டேன். மாசிக்குள்ள காடு வெறுந்தரை. திரும்ப மொளைச்சதெல்லாம் பார்த்தீனியக் களைதான். அப்புறம் சோளத்தட்டு வாங்குன காசு குத்தகைப் பணத்தையே தாண்டிருச்சு. இந்தத் தடவை எத்தனை நாள் பொறுக்கணும்? அதுவரைக்கும் எங்க மேய்க்கறது? பக்கத்துத் தோட்டத்துல சோளம் அறுத்த காடு மறுதாம்பு விட்டு, அறுத்த தூர்லயே திரும்பத் துளிர்த்துப் பச்சையா நிக்குது. தோட்டத்துக்காரர் "ஓட்டிட்டு வந்து மேச்சுக்கோ"ங்கறார், நாளைக்குப் போலாம்னு இருக்கேன்.

தாராபுரம் ரோடு:
மத்ததெல்லாம் அப்புறம். அந்த மறுதாம்புச் சோளத்துல ஆட்டை விடாதீங்க! எளசாத் துளிர்த்த சோளத்துல விசம் இருக்கும், அதுவும் காஞ்சு கெடந்து மழைக்குத் துளிர்த்ததுல கூடவே இருக்கும். வெறும் வயித்தோட மேஞ்சா மூச்சு வாங்கி, தள்ளாடி, டாக்டர் வர்றதுக்குள்ள விழுந்துரும். எங்க வீட்டுல ஒரே காலைல மூணு போச்சு. பூ எடுத்த பொறவு அறுத்து, நல்லாக் காயவெச்சுப் போட்டா பயமில்லை.

அப்பாறு வழி:
தம்பி, எனக்கு வயசு அறுபத்தி மூணு, பொறந்ததே கொறங்காட்டு நெழல்லதான். எங்க அப்பாறுக்கு, அதான் தாத்தாவுக்கு, மூணு கொறங்காடு. மழை விழுந்தா ரெண்டோட கடவுல முள்ளுப் படலை இழுத்துக் கட்டிருவார். திறந்து விட்டா வீட்டுல சோறு கெடையாது எங்களுக்கு.

காரணம் இதுதான். கோடைல மேல காஞ்சு கெடந்த புல்லு, வேர்லயும் தூர்லயும் சேத்து வெச்சதை எடுத்துத்தான் முதல் துளிரை விடுது. நாலு விரக்கடைல ஆடு கடிச்சுருச்சுன்னா மறுபடி அந்தச் சேமிப்புலதான் கையை வெக்கும். ரெண்டு மூணு தடவை இப்படியானா தூரே செத்துப் போகும், காலியான எடத்துல பார்த்தீனியம் உக்காந்துக்கும். ஈரத்துல குளம்பு மிதிச்சு மண்ணு இறுகறது தனி நட்டம்.

நாள் கணக்கு பாக்காதே, புல்லைப் பாரு. முழங்கால் உசரம் வந்து கதிர் வெளிய தெரியணும். மழை தொடர்ந்தா ஒன்றரை மாசம் ஆகும். கொஞ்சம் வெதை கொட்டட்டும்னு மார்கழி வரைக்கும் விட்டா இன்னும் நல்லது. அதுக்கப்புறமும் மொத்தக் காட்டையும் தொறக்காதே. வலையைக் கட்டி மூணாப் பிரிச்சுக்க, கையகலக் கட்டை மிச்சம் நிக்கறப்பவே அடுத்ததுக்கு ஓட்டிரு.

அதுவரைக்கும் என்ன பண்றதுன்னு கேட்டயே. பட்டிக்குப் பக்கத்துல ஒரு ஏக்கரைக் காவு குடுத்துரு. அங்க மட்டும் ஆடு நிக்கட்டும், தட்டைப் போடு, அந்த ஏக்கர் கெடும், கெட்டுட்டுப் போகட்டும். மரத்துல மட்டும் கொம்பு வெட்டித் தழை போடாதே. கோடைல புல்லு தீந்தப்ப உதுர்ற வேலங்காய்தான் உன் பட்டியைக் காப்பாத்தும்.

மூணு நாலு வருசத்துக்கு ஒருக்கா உழுது சோளமோ கொள்ளோ போட்டு எடுத்தா புல்லு புதுசா வரும். ஆனா அது காட்டுக்காரர் சம்மதிச்சாத்தான்.

சிவன்மலை அக்கா:
மழைப்புல்லுல விடறதுக்கு முன்னாடி குடற்புழு மருந்து குடுத்துட்டீங்களா? துள்ளுமாரிங்கற திடீர்ச் சாவு நோய்க்கு ஊசியும் மழைக்கு முன்னாடியே போட்டிருக்கணும், போடலைன்னா இப்பவாவது போடுங்க. காஞ்ச தட்டுல இருந்து திடீர்னு எளம்புல்லுக்கு மாத்தினா அந்த நோய்ல முதல்ல சாகறது நல்லாத் திங்கற கொழுத்த குட்டிதான். காலைல பனி விலகின பிறகு ஓட்டுங்க, புல்லு நுனில புழு ஏறி நிக்கும்.

நொய்யல்கரை:
எல்லாம் சொந்தக் காடு வெச்சிருக்கறவங்க பேச்சு. குத்தகைக்காரன் வெதை கொட்டட்டும்னு விட்டா அடுத்த வருசம் எவனோ மேய்ப்பான்.

அப்பாறு வழி:
நியாயந்தான். வெதைக்கு வேண்டாம்ப்பா, அவனோட மாசிக்கும் பங்குனிக்கும்தான் சொல்றேன். நின்னு காயற புல்லு அவன் ஆட்டுக்குத்தானே? தட்டு வாங்கற காசு மிச்சம்.

முத்தூர்ப்பட்டி:
எல்லாருக்கும் நன்றிங்க. சோளக்காட்டுப் பக்கம் போகலை, தோட்டத்துக்காரருக்கும் சொல்லிட்டேன், அவர் மாடும் அதுலதான் மேயுமாம். பட்டிப் பக்கத்துல ஒரு ஏக்கரை ஒதுக்கி வலை கட்டியாச்சு. ஊசிக்கு வெள்ளிக்கிழமை வர்றாங்க. காட்டுக்காரர் கிட்ட மூணு வருசக் குத்தகையா எழுதிக் கேட்டேன், யோசிச்சுச் சொல்றேன்னார். பார்த்தீனியம் பூ எடுக்கறதுக்கு முன்னாடி நானும் வீட்டுல அம்மிணியும் கையுறை போட்டுப் புடுங்கறோம், இதுவரைக்கும் ரெண்டு வண்டி ஆச்சு. ஆடுக இன்னும் கடவுகிட்டத்தான் கத்துது.