பூண்டு வெண்ணெய் ஸ்டேக் துண்டுகள்: கறி சிவக்காமல் வெந்துவிடுகிறது, வெண்ணெய் கசக்கிறது

டொராண்டோவாசி:
வணக்கம். உணவகத்தில் ஒரு முறை சாப்பிட்ட பூண்டு வெண்ணெய் ஸ்டேக் துண்டுகளை வீட்டில் செய்து தரச் சொல்லி என் மகள் மூன்று வாரமாகக் கேட்கிறாள். இரண்டு முறை செய்தேன், இரண்டு முறையும் கெட்டுப்போனது. துண்டு போட்டே விற்கிற மாட்டிறைச்சி ஒரு கிலோ வாங்கி, உப்பும் மிளகும் பிரட்டி, வார்ப்பிரும்புச் சட்டியில் வெண்ணெயும் பூண்டும் போட்டு, உருகியதும் கறி முழுவதையும் கொட்டினேன். ஐந்தே நிமிடத்தில் சட்டி நிறையத் தண்ணீர். அது வற்றுவதற்குள் கறி சாம்பல் நிறமாகி ரப்பர் போல ஆகிவிட்டது, தீயைக் கூட்டினால் பூண்டு கருகுகிறது. சனிக்கிழமை அவளுடைய பிறந்தநாள். எங்கே தப்பு?

இரும்புச்சட்டி:
பொட்டலத்தில் 'ஸ்டூயிங் பீஃப்' என்று போட்டிருந்ததா? அப்படியென்றால் முதல் தப்பு அங்கேதான். அது பெரும்பாலும் தோள், தொடைப் பக்கத்துக் கறி, நிறைய உழைத்த தசை, இரண்டு மணி நேரம் குழம்பில் கிடந்தால்தான் இளகும். டாப் சிர்லாயின் அல்லது ரிப் ஐ போன்ற இளசான பகுதியாக வாங்குங்கள், கையில் காசு இருந்தால் டெண்டர்லாயின் (ஊரில் கறிக்கடைக்காரர் அண்டர்கட் என்பாரே, அதுதான்). முழுத் துண்டாக வாங்கி ஓர் அங்குலக் கட்டிகளாக நீங்களே வெட்டுங்கள்.

அடுத்தது ஈரம். கறி சிவக்க 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், சட்டியில் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100-ஐத் தாண்டாது. அதனால் காகிதத் துண்டால் ஒவ்வொரு கட்டியையும் ஒற்றி எடுங்கள், கறியைச் சட்டியில் போடுவதற்குச் சற்று முன்தான் அதில் உப்பைப் பிரட்டுங்கள். ஒரு கிலோவை நான்கு ஈடாகப் போடுங்கள், கட்டிகளுக்கு நடுவே விரல் நுழைய இடம் இருக்கட்டும். சட்டியை லேசாகப் புகை வரும்வரை காயவிட்டு, எண்ணெய் மட்டும் ஊற்றி, கறியைப் போட்டதும் ஒரு நிமிடம் தொடவே தொடாதீர்கள். சுரீரென்ற சத்தம் விடாமல் கேட்க வேண்டும், அது கொதிக்கிற சத்தமாக மாறினால் கறி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். திருப்பிப் போட்டு இன்னும் ஒரு நிமிடம், எடுத்துத் தட்டில் வையுங்கள்.

நெய்மணம்:
வெண்ணெய் பற்றி நான் சொல்கிறேன். வீட்டில் நெய் காய்ச்சியிருந்தால் உங்களுக்கே தெரியும், சடசடவென்று தண்ணீர் போய் அடங்கியதும் அடியில் கசண்டு சிவக்கும், அந்த நேரத்தில் முருங்கைக்கீரையைப் போட்டு இறக்காமல் அரை நிமிடம் விட்டால் கருகிவிடும். உங்கள் சட்டியில் நடந்ததும் அதுதான், கசந்தது அந்தப் பால்பொருள். பொரிக்கிற சூட்டை அது தாங்காது. எண்ணெய்க்குப் பதில் நெய்யில் பொரிக்கலாம், கசண்டு வடிகட்டியாகிவிட்டதால் தாங்கும், மணமும் அருமையாக இருக்கும்.

கறியை எல்லாம் எடுத்த பிறகு அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, 60 கிராம் வெண்ணெய், பொடியாக நறுக்கிய பூண்டு ஐந்து பல், தைம் (வாசனைக்குப் போடும் சிறு இலை) இருந்தால் ஒரு கொத்து, எல்லாவற்றையும் சட்டியில் போடுங்கள். பூண்டு வெள்ளையாகவே இருந்து வாசனை வந்தால் போதும். ஒரு கரண்டி வூஸ்டர் சாஸ் (கடையில் புட்டியில் கிடைக்கும் புளிப்பான கருஞ்சாஸ்) ஊற்றி அடியில் ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டுங்கள், குழம்பின் ருசியே அங்கேதான் இருக்கிறது. தட்டில் ஊறிய சாற்றோடு கறியைத் திருப்பிப் போட்டுப் பிரட்டி, எலுமிச்சை பிழிந்து உடனே பரிமாறுங்கள்.

டொராண்டோவாசி:
ஆமாம், ஸ்டூயிங் பீஃப்தான்! இருவருக்கும் நன்றி. உள்ளே சிவப்பாக இருந்தால் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று மனைவி பயப்படுகிறாள்.

இரும்புச்சட்டி:
பயம் நியாயம்தான். ஒரு சமையல் வெப்பமானி வாங்கிவிடுங்கள், நடுவில் குத்தினால் 63 டிகிரி காட்ட வேண்டும், கனடாவில் முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு அதுதான் குறைந்தபட்சம். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அவர்களுக்கு அதுவும் வேண்டாமென்றால் 71. அதற்கு மேல் போனால் மறுபடி ரப்பர்தான்.

டொராண்டோவாசி:
நேற்று இரவு சிர்லாயினில் ஆறே கட்டி போட்டுப் பார்த்தேன். நான்கு பக்கமும் தோசை ஓரம் மாதிரி சிவந்து வந்தது, வெண்ணெய் கருகவில்லை. நாலு கட்டியை மகள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டாள். சனிக்கிழமைக்கு ஒன்றரைக் கிலோ சொல்லி வைத்திருக்கிறேன், ஆறு ஈடாகப் போடப் போகிறேன்.