நரிப்பையூர் வீட்டுக் குழு: சாமான் அறையில் வெடித்த பாட்டில்கள்

ராணி அத்தை (காலை 5:52): பிரபு எழுந்துவிட்டாயா? கீழத்தெருவில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா

ராணி அத்தை: நம் வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார்களாம். ராத்திரி அடுப்பு வெடித்ததாம். பால் வாங்கப் போன இடத்தில் என்னிடமே கேட்கிறார்கள்

பாண்டி: என்னிடம் வெடிகுண்டு என்றார்கள்

முருகேசன் மாமா: 🌅🙏 இனிய காலை வணக்கம்

ராணி அத்தை: நீங்கள் ஒருவர். வியாழக்கிழமை இப்படி ஒரு பேச்சு. ஞாயிறு காதுகுத்து

மலர்: அத்தை, யாருக்கும் அடி இல்லை. அண்ணன் வைத்திருந்த பாட்டில் மூன்று வெடித்துவிட்டது. பாப்பா பயந்து அழுதாள், இப்போது தூங்குகிறாள்

கவிதா சித்தி: அப்பத்தாவின் நார்த்தங்காய் ஜாடியும் போனது. அதையும் சொல்

பாண்டி: ஐயோ அந்த ஜாடியா

பிரபு: அத்தை, மன்னித்துவிடுங்கள். சாராயம் இல்லை. சத்தியமாக இல்லை. நான் போட்டது இஞ்சி பீர். காதுகுத்துக்கு வருகிறவர்களுக்குக் கடைக் கலர் கொடுக்காமல் தாய்மாமன் கையால் செய்த ஒன்றைக் கொடுக்க ஆசைப்பட்டேன்.

ராணி அத்தை: பீர் என்று நீயே சொல்கிறாய்

பிரபு: பெயர்தான் பீர். பீர் வேறு, அத்தை. அதற்கு வாற்கோதுமையை ஊறவைத்து, முளைகட்டி, காயவைக்க வேண்டும். சித்தி பாப்பாவுக்குக் கேழ்வரகை முளைகட்டுவதும் அதே வேலைதான். முளைக்கும்போது தானியத்துக்குள் ஒரு நொதி உண்டாகும். முளைத்த வாற்கோதுமையை உடைத்து, 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்த நொதி மாவை இனிப்பாக மாற்றிவிடும். கொதிக்கவிட்டால் நொதி செத்துப்போகும். பிறகு வடிகட்டி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர், சர்க்கரையைத் தின்று போதையும் காற்றும் உண்டாக்கும். சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. அங்கே போடுவேன். இங்கே அனுமதி கிடையாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இஞ்சி.

பாண்டி: படித்து முடிப்பதற்குள் வலை காய்ந்துவிட்டது மச்சான்

முருகேசன் மாமா: அந்த ஹாப்ஸ் நம் பக்கம் வருமா? தேரி மண்ணில்?

ராணி அத்தை: ஆரம்பித்துவிட்டார். ஈமு கோழி வளர்த்ததை மறந்துவிட்டீர்களா

முருகேசன் மாமா: கேட்கத்தானே செய்தேன்

பிரபு: வராது மாமா. கொடி பிழைத்தாலும் ஒழுங்காகப் பூக்காது. அதற்குக் கோடையில் பதினைந்து மணி நேரப் பகல் வேண்டும். 35 முதல் 55 டிகிரி அட்சரேகைக்குள்தான் நன்றாக விளைகிறது. நாம் 9 டிகிரியில் இருக்கிறோம். நானே காய்ந்த ஹாப்ஸ் வில்லையைத்தான் வாங்குகிறேன்.

முருகேசன் மாமா: 👍

கவிதா சித்தி: அதெல்லாம் இருக்கட்டும். மாடியில் என் மூன்றாவது தொட்டியில் இஞ்சி எங்கே

கவிதா சித்தி: பிரபு

கவிதா சித்தி: உன்னைத்தான்

பிரபு: நான்தான் எடுத்தேன் சித்தி. கேட்டிருக்க வேண்டும். முதலில் கடை இஞ்சியில்தான் போட்டேன். இஞ்சியைத் தோலோடு துருவி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து, தினமும் ஒரு கரண்டி இஞ்சி, ஒரு கரண்டி சர்க்கரை கொடுத்தால் ஐந்து நாளில் நுரைக்கும். தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்தான் அதைச் செய்கிறது. கடை இஞ்சி நாலு நாளாகியும் அசையவில்லை. உங்கள் தொட்டி இஞ்சி மறுநாளே பொங்கியது.

கவிதா சித்தி: அது விதை இஞ்சி. வைகாசியில் ஊன்ற வைத்திருந்தது. போர் தண்ணீர் உப்பு, ஊற்றினால் இலை நுனி கருகிவிடும் என்று போன வருஷம் முழுக்கக் குடிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து ஊற்றி வளர்த்தேன். ஒரு குடத்துக்கு எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று உனக்குத் தெரியாது

பிரபு: எனக்கு இது தெரியாது சித்தி. விதை இஞ்சி நான் வாங்கித் தருகிறேன்.

கவிதா சித்தி: கடை இஞ்சியை விதை என்று கொண்டுவந்துவிடாதே

ராணி அத்தை: சரி, பாக்கி பாட்டில் எங்கே? அதுவும் வெடிக்குமா?

பிரபு: இன்னும் ஏழு இருக்கிறது. யாரும் கையால் தொடாதீர்கள், குலுக்காதீர்கள். தப்பு என்னுடையது. கண்ணாடியில் அடைத்தது முதல் தப்பு. பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால் அமுக்கிப் பார்த்தே காற்று தெரியும். லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரைதான் அடைக்கும்போது போட வேண்டும், நான் கருப்பட்டியைக் கைக்கணக்கில் போட்டேன். சிங்கப்பூரில் குளிர்பெட்டியில் 20 டிகிரியில் வைத்துப் பழகியவன், இங்கே சாமான் அறை வெக்கையில் மூன்று நாள் விட்டுவிட்டேன்.

பாண்டி: மீன் ஐஸ் பெட்டி காலியாக இருக்கிறது, மூக்கையூரிலிருந்து வரும்போது எடுத்து வருகிறேன். ஐஸும் இருக்கும்

பிரபு: அதுதான் வேண்டும் மச்சான். குளிர்ந்தால் ஈஸ்ட் அடங்கும், காற்றும் தண்ணீருக்குள் கரையும். அதுவரை ஈரச் சாக்கு போட்டு மூடியிருக்கிறேன். முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு நானே தூக்கி வைக்கிறேன்.

மலர்: பெட்டி மீன் நாற்றம் அடிக்குமே

பாண்டி: குடிக்கவா போகிறாய்

முருகேசன் மாமா: அதில் போதை உண்டா இல்லையா? ஒரு வார்த்தை

பிரபு: கொஞ்சம் உண்டு மாமா. பொதுவாகக் குறைவுதான். வெயிலில் நாள் கூடினால் அதுவும் கூடும். இந்த ஏழில் எவ்வளவு என்று நான் அளக்கவில்லை.

ராணி அத்தை: அப்படியென்றால் வேண்டாம். குழந்தைகள் இருப்பார்கள். செல்வமும் இருப்பான். நாலு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை, அவன் முன்னால் அந்தப் பெயரையே எடுக்காதே

செல்வம் சித்தப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் அக்கா

ராணி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம் சித்தப்பா: பரவாயில்லை, படித்துவிட்டேன். பேர் சொன்னால் ஒன்றும் ஆகாது. ஆனால் டம்ளரில் ஊற்றி நீட்டினால் எனக்குச் சிரமம். உள்ளதைச் சொல்கிறேன் பிரபு

பிரபு: சித்தப்பா, ஊற்ற மாட்டேன். ஏழையும் தென்னைமரத்தடியில் கொட்டிவிடுகிறேன். இஞ்சியைக் கொதிக்கவைத்து, கருப்பட்டிப் பாகு, எலுமிச்சை சேர்த்துக் குளிரவைக்கிறேன். கொடுக்கும்போது கோலி சோடா கலந்தால் போதும். நொதிக்கவே நேரம் கிடையாது. 200 பேருக்கு 150 மில்லி என்றால் 30 லிட்டர். கருப்பட்டி 3 கிலோ போதும்.

மலர்: இது நல்லாயிருக்கு அண்ணா

முருகேசன் மாமா: கருப்பட்டி சாயல்குடியில் வாங்கு. நாக்கில் வைத்துப் பார், சீனி கலந்திருந்தால் தெரியும்

பாண்டி: சித்திரை மாதம், பதநீர் இறங்குகிற நேரம். அதை விட்டுவிட்டு எதற்குச் சோடா?

செல்வம் சித்தப்பா: ஒரு மரத்துக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தாலும் நம் இரண்டு மரத்தில் பத்துதான். வந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட வராது

ராணி அத்தை: நம் இரண்டு மரம் இல்லை. வரப்பு மரம் இரண்டும் எனக்கு என்று அப்பா சொன்னது எல்லோருக்கும் தெரியும்

செல்வம் சித்தப்பா: இப்போது அந்தப் பேச்சு வேண்டாம் அக்கா

ராணி அத்தை: நான் எடுக்கவில்லை, நீதான் நம் மரம் என்றாய்

முருகேசன் மாமா: பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா?

கவிதா சித்தி: அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். அவர் சொல்வதை அப்படியே போடுகிறேன்

கவிதா சித்தி: "ஜாடி போனால் போகிறது. 87ல் கள்ளை நிறுத்துகிற வரைக்கும் ஆப்ப மாவுக்கு ஒரு கரண்டி கள் விட்டுத்தான் கரைப்பேன், காலையில் மாவு பானை விளிம்புக்கு வந்திருக்கும். அந்த மணம் ராத்திரி சாமான் அறையில் அடித்தது. இவன் தாத்தா கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாமல் மரம் ஏற மாட்டார். சுண்ணாம்பு குறைந்தால் மத்தியானத்துக்குள் பொங்கிவிடும் என்பார். அதைக் கேட்டிருந்தால் பாட்டில் வெடித்திருக்காது"

பிரபு: அப்பத்தா சொல்வது முழுக்கச் சரி. பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றில் இருக்கும் ஈஸ்ட் விழுந்துவிடும். சுண்ணாம்பின் காரத்தில் அது வளராது, அதனால் பதநீராகவே நிற்கிறது. சின்ன வயதில் கலயத்தைக் கழுவிச் சுண்ணாம்பு தடவும் வேலையைத் தாத்தா என்னிடம்தான் கொடுப்பார். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சிங்கப்பூரில் காசு கொடுத்து ஈஸ்ட் பாக்கெட் வாங்கிப் பீர் போடும்போதுதான் அவர் எதை நிறுத்தி வைத்தார் என்று புரிந்தது. இருந்திருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பேன்.

மலர்: ❤️

செல்வம் சித்தப்பா: அப்பாவின் பாளை அரிவாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வா, காட்டுகிறேன்

ராணி அத்தை: அது உன்னிடமா இருக்கிறது? இத்தனை நாள் தேடினேன்

பாண்டி: பதநீர் பத்து லிட்டர் வந்தால் பெரியவர்களுக்கு மட்டும் பனை ஓலைப் பட்டையில் ஊற்றலாமே. மற்றவர்களுக்கு இஞ்சி சோடா

முருகேசன் மாமா: பனையேறுகிற அண்ணனிடம் இன்றே சொல்ல வேண்டும். யார் போவது?

செல்வம் சித்தப்பா: நான் போகலாம், ஆனால் அக்கா சம்மதிக்க வேண்டுமே

ராணி அத்தை: மரம் ஏற நான் எப்போது வேண்டாம் என்றேன்

பாண்டி: அப்போது சரி என்று எடுத்துக்கொள்ளலாமா அம்மா?

ராணி அத்தை: முதலில் கீழத்தெருவுக்கு யார் பதில் சொல்வது, அதைச் சொல்லுங்கள்

பிரபு: நானே போய்ச் சொல்கிறேன் அத்தை. பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிடுகிறேன், ராத்திரி சத்தத்தில் அவர்களும் பயந்திருப்பார்கள்.

மலர்: பெரிய அண்டா யார் வீட்டில்? போன பொங்கலிலிருந்து காணோம்

முருகேசன் மாமா: எங்கள் வீட்டில் இல்லை

கவிதா சித்தி: இங்கேயும் இல்லை

பாண்டி: ஐஸ் பெட்டியோடு கிளம்பிவிட்டேன். சாக்கை யாரும் தூக்காதீர்கள்

கவிதா சித்தி: பிரபு, மாடிக்கு வா. நாலாவது தொட்டியில் கொஞ்சம் முளை தெரிகிறது, அதையாவது காப்பாற்றுவோம். வரும்போது ஒரு வாளி குடிதண்ணீர் தூக்கி வா