வளாகப் புதர்க்காட்டை அழித்து மரம் நடலாமா?

செம்மண்:
வணக்கம். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரி, சரளை மண். ஒரு பாதியில் புல்லும் காரை, களாப் புதர்களும். மறுபாதி முழுக்கச் சீமைக்கருவேலம். மொத்தத்தையும் ஜேசிபி விட்டுச் சமன்செய்து, தூங்குமூஞ்சி, குல்மோகர் நடலாம் என்கிறது நிர்வாகம். கிறித்தவக் கல்லூரி, ஐஐடி மாதிரி பசுமையாக வேண்டுமாம். சரிவருமா?

உலக்கைப்பாலை:
வராது. அந்த இரண்டு வளாகங்களுமே ஏற்கெனவே இருந்த காட்டுக்குள் வந்தவை. கிறித்தவக் கல்லூரி 1937-ல் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் அங்கே நிறைய மரம் வைத்தார். ஆனாலும் புதர்க்காடு மிச்சம் இருப்பதால்தான் அது இன்றும் காடு. 1959-ல் தொடங்கிய ஐஐடிக்கு நிலம் கிண்டிக் காட்டிலிருந்து வந்தது. அங்கே இன்னொரு பாடமும் உண்டு: வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். கட்டடமும் மரமும் வெட்டவெளியை மூட மூட, அதற்கு இடம் சுருங்கியது. உங்கள் புல் பகுதி காலியிடம் இல்லை, தயவுசெய்து தொடாதீர்கள்.

வடகிழக்கு:
2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் அதிகம் சாய்ந்தவற்றில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் உண்டு. மேலோட்டமான வேர், கனத்த தலை. இந்த மண்ணுக்கு வீரை, காசா, உலக்கைப்பாலை, நாவல், புங்கம் போதும். முதல் மூன்றும் மெதுவாகத்தான் வளரும், பொறுக்க வேண்டும்.

செம்மண்:
நன்றி. சீமைக்கருவேலத்தை என்ன செய்வது? குழி எவ்வளவு?

வடகிழக்கு:
தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அடிக்கட்டையைத் தரைக்குக் கீழே ஓரடி வரை வேரோடு பெயர்த்தெடுங்கள். ஒரே மூச்சில் மொத்தத்தையும் எடுத்தால் மழையில் மண் அரிக்கும். நிலத்தை நீளப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, அந்த இடத்திலேயே மரம் நடுங்கள்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் அதே. சரளையில் ஜேசிபி தோண்டும் குழியின் பக்கச்சுவர் இறுகிவிடும், வேர் தொட்டிச்செடி மாதிரி உள்ளேயே சுற்றும். கடப்பாரையால் சுவரைக் கொத்திவிடுங்கள். நாற்றுப் பையில் சுருண்ட வேரை நறுக்கிவிட்டு நடவும். செப்டம்பர் கடைசியில், முதல் மழைக்குப் பின் நட்டால் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும்.

உலக்கைப்பாலை:
ஒன்று விட்டுப்போச்சு. கேபிள், குடிநீர்க் குழாய் போகும் தடத்தை வரைபடத்தில் குறித்த பிறகே நடுங்கள். பின்னால் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்தால், அடுத்த புயலில் மரம் எதிர்ப்பக்கமாகச் சாயும். அடிமரத்தைச் சுற்றி ஐந்தடிக்கு சிமென்ட் கல் பதிக்க விடாதீர்கள். மழைக்கு முன் கிளை கழிக்கும்போது தலையை மொட்டையடிக்கவும் கூடாது. பிறகு வரும் கிளைக்குப் பிடிமானம் இருக்காது, காற்றில் முறியும்.