படுக்கையறைத் தொலைக்காட்சிக்கு 5.1 ஒலி தரும் மீடியா பிளேயர்: எதை வாங்குவது?

கேள்வி (திருவள்ளூரிலிருந்து)

வணக்கம். படுக்கையறையில் உள்ள 32 அங்குலத் தொலைக்காட்சிக்காக, கடையில் சொல்லிச் செய்த 5.1 (ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும்) அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வைத்திருக்கிறேன். சுருக்கப்பட்ட ஒலியைச் சேனல்களாகப் பிரிக்கும் டிகோடர் அதற்குள் இல்லை. பின்புறம் சேனலுக்கு ஒன்றாக ஆறு ஆர்சிஏ சாக்கெட்டுகள் மட்டுமே உள்ளன. ஆகவே, தொலைக்காட்சியின் ஆப்டிகல் (ஒளியிழை வழி டிஜிட்டல் ஒலி) வெளியீட்டை வாங்கி, டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற இரண்டு சுருக்கப்பட்ட சரவுண்ட் ஒலி வகைகளையும் ஆறாகப் பிரித்துக் கொடுக்கும் சிறிய டிகோடர் பெட்டி ஒன்றை நடுவில் இணைத்திருக்கிறேன்.

பென்டிரைவைத் தொலைக்காட்சியிலேயே செருகினால் சில படங்கள் எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒலிக்கின்றன. வேறு சில படங்களில் காட்சி ஓடுகிறது, ஒலி அறவே வருவதில்லை. பழைய ஆண்ட்ராய்டு பாக்ஸை எச்டிஎம்ஐ வழியாக இணைத்தால் எல்லாப் படங்களுக்கும் ஒலி வருகிறது, ஆனால் முன் ஸ்பீக்கர்கள் இரண்டில் மட்டுமே. சரவுண்ட் டிகோடிங் உள்ள புதிய பிளேயரை வாங்கினால் இது சரியாகுமா? நான் பார்ப்பவை பெரும்பாலும் என் ப்ளூ-ரே வட்டுகளிலிருந்து எடுத்து வைத்த கோப்புகள்தாம். நெட்ஃபிளிக்ஸ் எப்போதாவது பார்ப்பேன். 10,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க விருப்பமில்லை.

மறுமொழி (மதுரையிலிருந்து)

புதிதாக வந்துள்ள 4கே ஸ்டிக் எதையாவது வாங்கிவிடுங்கள், நண்பரே. அட்டைப் பெட்டியிலேயே டால்பி அட்மாஸ் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

மறுமொழி (ஈரோட்டிலிருந்து)

மதுரை நண்பர் சொல்வதை அப்படியே ஏற்று வாங்கினாலும் தங்களுக்கு அதே இரண்டு ஸ்பீக்கர் ஒலிதான் கிடைக்கும். அட்டையில் உள்ள அட்மாஸ் என்ற சொல்லுக்கு, அந்த ஒலியை எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கோ சவுண்ட்பாருக்கோ அனுப்ப முடியும் என்பது மட்டுமே பொருள். தங்கள் வீட்டில் ஒலியைப் பிரிக்கும் வேலை ஏற்கெனவே அந்த டிகோடர் பெட்டியிடம் இருக்கிறது. ஆகவே, பிளேயருக்குள் டிகோடிங் இருக்கிறதா என்று தேடுவதை விட்டுவிட்டு, அந்தப் பெட்டிக்குப் புரிகிற வடிவில் ஒலியைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிளேயர் எது என்று தேடுங்கள்.

பென்டிரைவில் சில படங்களாவது 5.1 தருவதால், தொலைக்காட்சியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டுத் தேர்வில் தவறில்லை. ஒலியே வராத படங்கள் பெரும்பாலும் டிடிஎஸ் ஒலித்தடம் கொண்டவையாக இருக்கும். 2018க்குப் பிறகு வந்த பல தொலைக்காட்சிகளில் டிடிஎஸ் வசதி நீக்கப்பட்டுவிட்டது. ஆண்ட்ராய்டு பாக்ஸின் நிலை வேறு. எச்டிஎம்ஐயில் இணைத்தவுடன், தன்னால் ஏற்க முடிந்த ஒலி வகைகளின் பட்டியலைத் தொலைக்காட்சி பிளேயருக்குச் சொல்லிவிடும். அந்தப் பட்டியலில் இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலி) மட்டும் இருந்தால், பிளேயர் தானே ஒலியைப் பிரித்து, ஆறு சேனல்களையும் இரண்டாகக் கலந்து அனுப்பிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த பிளேயரானாலும் அந்த வாசலைத் தாண்டாது.

ஆகவே, ஒலி தொலைக்காட்சியைத் தொடாமல் போக வேண்டும். பிளேயரிலேயே ஆப்டிகல் வெளியீடு இருந்தால், எச்டிஎம்ஐயைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஆப்டிகல் கம்பியை நேராக டிகோடர் பெட்டிக்குக் கொடுத்துவிடலாம். ஸ்டிக் வகைகளில் இந்தத் துளை கிடையாது. 2015க்குப் பின் வந்த ஆப்பிள் டிவியிலும் இல்லை, என்விடியா ஷீல்டிலும் இல்லை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் பலவற்றில்தான் இருக்கிறது என்பது வேடிக்கை.

கேட்டவர்

விளக்கத்துக்கு மிக்க நன்றி, ஐயா. என் கோப்புகள் பலவற்றில் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி என்ற உயர்தர ஒலித்தடங்கள் உள்ளன. ஆப்டிகல் கம்பி அவற்றைத் தாங்குமா?

மறுமொழி (ஈரோட்டிலிருந்து)

தாங்காது. ஆப்டிகல் வழியாக இரண்டு சேனல் பிசிஎம், அல்லது சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகியவை மட்டுமே போகும். டால்பி டிஜிட்டலின் உச்ச அளவு வினாடிக்கு 640 கிலோபிட். வட்டுகளில் வரும் சாதாரண டிடிஎஸ் ஏறத்தாழ 1,509 கிலோபிட். இரண்டும் அந்தக் கம்பியில் அடங்கும், ட்ரூஎச்டி அடங்காது. டிடிஎஸ்-எச்டி தடத்துக்குள் சாதாரண டிடிஎஸ்ஸும் சேர்ந்தே இருப்பதால் பிளேயர் அதை மட்டும் எடுத்து அனுப்பும்.

மற்றவற்றுக்குக் கோடி (Kodi) என்ற மீடியா பிளேயர் செயலியில் வழி இருக்கிறது. ஒலி செட்டிங்ஸில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வையுங்கள். 5.1 வேண்டியவர் 2.0 வைப்பது முரணாகத் தோன்றலாம்; ஆனால் அது கம்பியின் கொள்ளளவைக் குறிக்கிறதே தவிர ஸ்பீக்கர்களை அல்ல. பிறகு, ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூவை இயக்கி, டால்பி டிஜிட்டலையும் டிடிஎஸ்ஸையும் மட்டும் தேர்ந்தெடுத்து, ட்ரூஎச்டியையும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸையும் விட்டுவிடுங்கள். இறுதியாக, டால்பி டிஜிட்டலாக மாற்றும் டிரான்ஸ்கோடிங் வசதியை இயக்கினால், ட்ரூஎச்டி, ஆறு சேனல் ஏஏசி, எஃப்எல்ஏசி போன்ற ஒலி வகைகள் எல்லாம் டிகோடர் பெட்டிக்குப் புரியும் டால்பி டிஜிட்டலாக மாறிச் செல்லும். தரத்தில் சிறிது இழப்பு உண்டு என்றாலும், படுக்கையறையில் நள்ளிரவில் ஒலியைக் குறைத்துக் கேட்கையில் அது தெரியும் என்று நான் நம்பவில்லை.

மறுமொழி (சேலத்திலிருந்து)

வீட்டில் பழைய மேசைக் கணினி இருந்தால் அதன் பின்புறத்தைப் பாருங்கள். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறங்களில் மூன்று ஒலித்துளைகள் இருந்தால் அதுவே ஒலியைப் பிரித்து ஆறு சேனல்களாகக் கொடுத்துவிடும். டிகோடர் பெட்டியே வேண்டாம். மின்விசிறி இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டவர்

மேசைக் கணினி இல்லை. ஆப்டிகல் உள்ள ஆண்ட்ராய்டு பாக்ஸையே வாங்குகிறேன். நெட்ஃபிளிக்ஸும் அதில் சரியாக ஓடுமா?

மறுமொழி (ஈரோட்டிலிருந்து)

ஓடும், ஆனால் நெட்ஃபிளிக்ஸ் சான்று பெறாத பாக்ஸ்களில் காட்சி பெரும்பாலும் 480பி தரத்தோடு நின்றுவிடும். எப்போதாவது பார்ப்பதற்குத் தொலைக்காட்சியிலேயே உள்ள செயலி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நெட்ஃபிளிக்ஸே முதன்மை என்றால் மட்டும், சான்று பெற்ற ஸ்டிக் ஒன்றோடு, அதற்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் இணைத்து ஒலியை மட்டும் ஆப்டிகலில் பிரித்தெடுக்கும் எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் ஒன்றையும் வாங்கி, அதன் சுவிட்சை 5.1 நிலையில் வைக்குமாறு சொல்லியிருப்பேன்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதாக இருந்தால், ட்ரூஎச்டி உள்ள படம் ஒன்றைப் பென்டிரைவிலும் தங்கள் டிகோடர் பெட்டியைப் பையிலும் எடுத்துச் செல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கோடியை நிறுவி, பெட்டியில் டால்பி டிஜிட்டல் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடலாம். வீட்டில் இணைத்த பின் உதட்டசைவுக்கு முன்பே பேச்சு கேட்டால் பதற வேண்டாம். தொலைக்காட்சி காட்சியைச் சீர்ப்படுத்த எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அதற்குக் காரணம். கோடியின் ஒலித் தாமதத் தேர்வில் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டும் சேர்ந்துவிடும்.