ஒன்பது வயசுக்கு முன்னாடி ரேட்டிங் போட்டி தேவையா? – மதுரை செஸ் பெற்றோர் விவாதம்

பழங்காநத்தம் கோச்:
எங்க வகுப்புப் பெற்றோருக்குப் போன வாரம் ஒரு விதி சொன்னேன். சிலருக்கு வருத்தம்னு கேள்விப்பட்டேன். இங்கேயே பேசிடுவோம். ஒன்பது வயசு முடியாத பிள்ளையை, உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே ஆட்டத் திறமைக்குப் புள்ளி போடுற ரேட்டிங் போட்டிக்கு நான் அனுப்ப மாட்டேன். ஸ்கூல் போட்டி, மாவட்டப் போட்டி எல்லாம் தாராளமா ஆடட்டும். அதுக்கு மேல போகணும்னா ஒரு முழு ஆட்டத்தையும் மூவ் மூவா விடாம எழுதத் தெரியணும். தோத்த ஆட்டத்தை மறுநாள் போர்டுல வச்சு, எங்க கோட்டை விட்டோம்னு தானே சொல்லணும்.

காரணத்தை ஹால் வாசல்ல நின்னு பாருங்க. வெளிய வர்ற பிள்ளை முதல்ல பாக்குறது அம்மா அப்பா முகத்தை. ஜெயிச்சா ஜிகர்தண்டா. தோத்தா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வண்டியில பேச்சே கிடையாது. அந்தப் பிள்ளை அடுத்த ரவுண்டுல எதிராளியை விட ஒரு சிப்பாய் அதிகமா வச்சிருக்கும், ராஜாவும் முன்னாடி வந்து நிக்கும், ஜெயிக்கிற ஆட்டம். ஆனாலும் எதிராளிகிட்ட டிரா கேக்கும். அந்தப் பயத்தை எடுக்க எனக்கு மாசக்கணக்குல ஆகுது.

அண்ணாநகர் அப்பா:
சார், உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா இதை ஒத்துக்க முடியல. குகேஷ் 2019-ல கிராண்ட்மாஸ்டர் ஆனப்ப வயசு 12. பிரக்ஞானந்தாவும் 2018-ல அதே வயசுலதான் ஆனார். குகேஷ் 2015-லேயே ஆசியப் பள்ளிகள் போட்டியில ஒன்பது வயசுப் பிரிவை ஜெயிச்சாச்சு. அந்த வயசுலதான் நீங்க கேட்டையே திறக்கிறீங்க. நாளைக்குக் காலேஜ் சீட்டுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டுல நின்னா என்ன போட்டி ஆடினேன்னுதானே கேப்பாங்க? சென்னைப் பிள்ளைகளுக்கு வாராவாரம் வீட்டுப் பக்கத்துலேயே போட்டி. நாங்க ராத்திரி பஸ் ஏறிப் போறோம். ஏற்கனவே பின்னாடிதான் நிக்கிறோம்.

பழங்காநத்தம் கோச்:
அண்ணே, குகேஷ் காய் நகர்த்தக் கத்துக்கிட்டதே ஏழு வயசுல. நாலாம் வகுப்போட வழக்கமான பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். டாக்டரா இருந்த அப்பா தொழிலை விட்டுட்டுக் கூடவே போனார். அந்த விலையைக் கொடுக்கத் தயாரா இருக்கிற வீடு என் வகுப்புல எத்தனை?

ரேட்டிங் கணக்குக்கே வருவோம். 2024 மார்ச்சுல ஃபிடே ரேட்டிங்கோட அடிமட்டத்தை 1000-லேர்ந்து 1400-க்கு உயர்த்திடுச்சு. அதுக்குக் கீழ ஆடுற பிள்ளைக்குப் பட்டியல்ல பேரே வராது. ஏழு வயசுப் பிள்ளை ஊர் ஊரா ஆடிட்டு வந்து, 'எனக்கு ஏன் நம்பர் இல்ல'ன்னு கேக்குது. நம்பர் வந்தாலும் அந்த வயசுக்குக் கே 40. கேன்னா ஒரு ஆட்டத்துல புள்ளி எவ்வளவு ஏறி இறங்கும்னு தீர்மானிக்கிற எண். சமமான ஆள்கிட்ட ஒரு ஆட்டம் தோத்தா 20 புள்ளி போகும். ஆளுக்குத் தொண்ணூறு நிமிஷம், மூவுக்கு முப்பது செகண்டு கூடுதல்னு வைக்கிற போட்டியில அறுபது மூவ் போனா நாலு மணி நேரம் வரைக்கும் ஆகும். ரெண்டாம் வகுப்புப் பிள்ளை, ஒரே நாள்ல ரெண்டு ரவுண்டு!

திருநகர் பிளேயர்:
நான் அப்பா பக்கம். ஏழு வயசுல ரேட்டிங் போட்டிக்குப் போனவன் நான். தோத்துத் தோத்துத்தான் பயம் போச்சு. டச் மூவ், கடிகாரம், போட்டி நடுவரான ஆர்பிட்டரைக் கூப்பிடுறது எதையும் வகுப்புல கத்துக்க முடியாது. தொட்ட காயைத்தான் ஆடணும்னு முதல் தடவை கண்ணீரோட ராணியைக் குடுத்தா, அப்புறம் ஆயுசுக்கும் கை அடங்கும்.

கோச் சொல்ற வாசல் கொடுமை உண்மைதான். அதுலேயும் மோசம், மூவ் எழுதின ஸ்கோர்ஷீட்டைப் பிடுங்கி, அங்கேயே ஃபோன்ல எஞ்சின் (நல்ல மூவைக் கணக்குப் போட்டுச் சொல்ற செஸ் மென்பொருள்) போட்டு 'இருபத்திரண்டாவது மூவ்ல ஜெயிச்சிருக்கலாமே'ன்னு கேக்குறது. குகேஷையே அவர் கோச் விஷ்ணு பிரசன்னா ஆரம்பத்துல எஞ்சின் பக்கம் விடல. அதனால விதியைப் பெற்றோருக்குப் போடுங்க சார், பிள்ளைக்குப் போடாதீங்க.

மேலூர் டீச்சர்:
அரசுப் பள்ளியில செஸ் சொல்லிக் குடுக்கிறேன். நீங்க எல்லாரும் பேசுறது நுழைவுக் கட்டணம் கட்ட முடிஞ்ச வீட்டுக் கதை. 2022-ல மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடந்தப்ப பள்ளிக்கூடங்கள்ல போட்டி வச்சாங்க. எங்க பிள்ளைக செஸ் கடிகாரத்தைத் தொட்டுப் பாத்ததே அப்பதான். பத்து வயசுலதான் ஆரம்பிக்கிறாங்க. ஆனா வேகம் இருக்கு.

கோச் தம்பி, வயசை வச்சுக் கோடு போடாதீங்க. ஒரு பிள்ளைக்கு எட்டு வயசுலேயே தெளிவு இருக்கும், இன்னொண்ணுக்குப் பன்னெண்டுலேயும் வராது. எழுதத் தெரியணும்னு சொன்னீங்களே, அது நியாயமான பரீட்சை. அதை மட்டும் வச்சுக்கங்க.

பழங்காநத்தம் கோச்:
டீச்சர், அந்த எழுத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்றேன். என் தொழிலே அதுலதான் இருக்கு. போன மாசம் ஒரு சின்னப் புள்ள தோத்த ஆட்டத்தோட ஸ்கோர்ஷீட்டைக் கொண்டு வந்துச்சு. முதல் பதினஞ்சு மூவ் கட்டத்துக்குள்ள முத்து முத்தா இருக்கு. பதினெட்டுல எதிராளி குதிரையை உள்ள கொண்டு வர்றான். அங்கேர்ந்து எழுத்து கோட்டைத் தாண்டுது. இருபதுல கட்டத்தோட எண்ணே இல்ல, காயை மட்டும் எழுதியிருக்கா. இருபத்தொண்ணுல யானை போச்சு. புள்ள தோத்தது இருபத்தொண்ணுல இல்ல, பதினெட்டுல பயந்தப்பவே. எஞ்சின் இதைச் சொல்லாது. 'குதிரை வந்ததும் என்னம்மா நினைச்ச?'ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, 'அடுத்து செக் வைப்பான்னு நினைச்சேன், ஆனா பாக்கல'ன்னா. அந்த ஒரு பதிலுக்குத்தான் நான் வகுப்பே எடுக்கிறேன்.

அப்புறம் எண்ட்கேம், காய் குறைஞ்சு போன கடைசிக் கட்ட ஆட்டம். பெற்றோர் கேக்குறது புது ஓப்பனிங், நாலு மூவ்ல மேட். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல உலகப் பட்டத்துக்குக் குகேஷும் சீனாவோட டிங் லிரெனும் ஆடின கடைசி ஆட்டம், பதினாலாவது. 55-வது மூவ்ல டிங் லிரென் யானையைத் தப்பா வச்சார். யானைக்கு யானை வெட்டுப்பட்டுச்சு, பிஷப்புக்குப் பிஷப்பும் வெட்டுப்பட்டாகணும், மிஞ்சுறது ராஜாவும் சிப்பாயும்தான். டிங் விட்டுக்கொடுத்தார். உலகப் பட்டத்தை முடிச்சு வச்சதே, என் மாடியில எட்டு வயசுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற பாடம். அதைப் பழக பொறுமையான சாயங்காலம் வேணும். சனி ஞாயிறு பூரா பஸ்ஸுல போனா எப்ப பழகுறது?

வயசு விதியை எடுக்க மாட்டேன். எழுத்துப் பரீட்சை மட்டும்னா, அடுத்த வாரமே அம்மாமார் வீட்டுல எழுத்துப் பயிற்சி ஆரம்பிச்சுடுவாங்க.

அண்ணாநகர் அப்பா:
அதுல என்ன சார் தப்பு? பயிற்சிதானே! உங்ககிட்ட மறைக்க விரும்பல. என் பொண்ணு பேரை அடுத்த மாசம் திண்டுக்கல்ல நடக்கிற ரேட்டிங் போட்டிக்குக் குடுத்துட்டேன். அவளுக்கு எட்டு வயசு. அவளே கேட்டா. வகுப்பை விட்டு நிறுத்துவீங்களா?

பழங்காநத்தம் கோச்:
பிள்ளையை எதுக்கு நிறுத்தணும்? நான் அனுப்பலன்னுதான் சொன்னேன், நீங்க கூட்டிட்டுப் போறதைத் தடுக்க நான் யாரு? எல்லா ரவுண்டு ஸ்கோர்ஷீட்டும் திங்கக்கிழமை என் கைக்கு வரணும். அதுவரைக்கும் நீங்க எஞ்சின் போட்டுப் பாக்கக் கூடாது. ஹாலை விட்டு வந்ததும் சாப்பிட்டியான்னு கேளுங்க.

அண்ணாநகர் அப்பா:
சரி சார், கொண்டு வர்றோம். எஞ்சின் போடல. ஆனா ஒன்பது வயசு விதி தப்புன்னுதான் இப்பவும் சொல்றேன். அடுத்த பெற்றோர் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேப்பேன்.